அக்காவுக்கு மட்டும் திறக்காத பட்டியல்

அருமனையில் என் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் ஒருவர்கூட நான் வேலை பார்க்கிறவள் என்று இதுவரை நம்பியதில்லை. நைட்டி போட்டுக்கொண்டு, காதில் ஒரு குமிழை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ரப்பர் மரத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் சண்டை போடுகிறவளைப் பற்றி வேறு எப்படி நினைப்பார்கள்? ஒருமுறை மாமி பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏட்டி, அந்தக் கம்ப்யூட்டர்ல நீ என்னதான் செய்யுத?"

சொன்னேன். கம்பெனிகள் தங்களிடமுள்ள பெயர், விலாசம், விவரம் எல்லாவற்றையும் டேட்டாபேஸ் என்று ஒன்றில் போட்டு வைத்திருக்கும். அது கெட்டுப்போனால் திரும்ப எடுக்கத் தினமும் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். அந்த நகலை எடுக்கும் மென்பொருளை எங்கள் கம்பெனி செய்கிறது. தகவலை நகல் எடுப்பது சுலபம். எதை யார் பார்க்கலாம், எதை யார் தொடக்கூடாது என்ற அனுமதிகளையும் அப்படியே நகல் எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும், அங்கேதான் சொதப்பும். அந்தச் சொதப்பலைத் திருத்துவதுதான் ஏழு வருஷமாக என் வேலை.

மாமி கொஞ்சம் யோசித்தாள். "வீடு மாறும்போ சாமானை ஒக்க லாரியில ஏத்திட்டு, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குண்ணு மறந்து போற மாதிரி?"

அதேதான். எங்கள் மேனேஜருக்கு இதைப் புரியவைக்க எனக்கு மூன்று மீட்டிங் ஆனது. மாமிக்கு அரை நிமிஷம். ஆனால் புரிந்த உடனே, "இதுக்குப் போய் ஒரு ஆளு வேணுமா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கிவிட்டுத்தான் காப்பி குடித்தாள்.

வேணும் மாமி. எவ்வளவு வேணும் என்பது எனக்கே குளச்சலில்தான் தெரிந்தது.

குளச்சலில் ரத்தம் கொடுப்பவர்களின் சின்னக் குழு ஒன்று உண்டு. என் கூடப் படித்த தோழி ஒருத்தி நர்ஸ். அவள் அந்தக் குழுவில் இருந்தாள். அவள் கெஞ்சியதால் சும்மா ஒரு உபகாரமாக நான் அவர்களுக்கு ஒரு ஆப் செய்து கொடுத்தேன். யாருக்கு என்ன ரத்த வகை, என்ன போன் நம்பர் என்று பார்த்து விளிக்கலாம். ஆண்கள் பட்டியலை எல்லாரும் பார்க்கலாம். பெண்கள் பட்டியல் தனி. அதைப் பொறுப்பில் இருப்பவர் மட்டும்தான் திறக்க முடியும்.

அந்தப் பெண்கள் பட்டியல் உண்டான கதையைச் சொல்லியாக வேண்டும். கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு அக்கா தையல் கடை வைத்திருக்கிறாள். பள்ளிவாசல் தெருப் பெண்களும் வருவார்கள், கோயில் தெருப் பெண்களும் வருவார்கள். டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு அளவெடுக்கும்போது அக்கா, "உனக்க பிளட் குரூப் என்ன மக்ளே?" என்று கேட்பாள். அளவு நோட்டில் தோள், கை, இறக்கம் என்று எழுதி, அதற்குக் கீழேயே ஓ பாசிட்டிவ் என்று எழுதி வைப்பாள். வேறு யாராவது கேட்டிருந்தால் அந்தப் பெண்கள் வாயே திறந்திருக்கமாட்டார்கள். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அக்கா கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது, இல்லையா? அப்படி நாற்பத்திரண்டு பேர். எல்லாரும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்களாம்: "நம்பரு ஆம்பிளையளுக்குப் போவாதுல்லா?" நாற்பத்திரண்டு முறையும் அக்கா சொன்னாள்: "நான் மட்டும்தான் விளிப்பேன். எனக்க வாக்காக்கும்."

ஆரம்பத்தில் ஆப்பில் அந்தப் பட்டியல் என் தோழி நர்ஸின் பொறுப்பில் இருந்தது; அவள் நம்பரைப் பார்த்துச் சொல்லுவாள், விளிப்பது அக்காதான். அவளுக்குக் குவைத் விசா வந்தது. எங்கள் ஜில்லாவில் விசா வந்தால் ஆள் கிளம்புவதற்கு முன் ஒவ்வொன்றாக ஒப்படைத்துவிட்டுப் போவது வழக்கம். வீட்டுச் சாவி ஒருவரிடம், கேஸ் புக் இன்னொருவரிடம், கோழி மூன்றாவது வீட்டில். "நான் வாறது வரைக்கும் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை. இதற்காகவே நான் ஆப்பில் ஒரு பொத்தான் வைத்திருந்தேன்: பொறுப்பை ஒப்படை. தோழி அதை அழுத்திக் குழுவில் இருந்த ஒரு டீச்சரிடம் ஒப்படைத்தாள். ஒரே வருஷத்தில் டீச்சரின் மாப்பிள்ளை மஸ்கட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். டீச்சர் பொத்தானை அழுத்தித் தையல்கார அக்காவிடம் ஒப்படைத்தாள். அக்காவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அதனால் பட்டியல் அவளிடம் நிலைத்தது.

போனவர்களின் பெயரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிடலாமா என்று நான் அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். அவளுக்குக் கண் சிவந்துவிட்டது. "பயணம் போனவளுக்க பேரையா வெட்டச் சொல்லுத? நல்லா இருக்குமா அது? அவளுவ வரட்டு, வந்து எடுக்கட்டு." சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆக டேட்டாபேஸுக்குள் அனுமதி கை மாறிக் கை மாறி வந்திருந்தது. நான் நர்ஸுக்கு, நர்ஸ் டீச்சருக்கு, டீச்சர் அக்காவுக்கு.

போன மழைக்காலத்தில் ஆப் ஓடிக்கொண்டிருந்த வாடகை சர்வர் மண்டையைப் போட்டது. எனக்குக் கவலையே இல்லை. எங்கள் கம்பெனி டூலில் தினமும் பேக்கப் எடுத்து வைத்திருந்தேன், அதுவும் யார்? அந்த டூலின் அனுமதிப் பகுதியைக் கட்டிக்கொண்டு அழுகிறவள்! புது சர்வரில் ஏற்றினேன். "வெற்றிகரமாக முடிந்தது" என்று டூல் சொன்னது. நானும் நம்பி எழுந்து போய் மீன் கழுவினேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா விளித்தாள். குரலில் வெப்ராளம், ஒரே பதற்றம்.

"மக்ளே, பெண்ணுங்க லிஸ்ட் எனக்குத் தொறக்க மாட்டேங்கு. ஆஸ்பத்திரியில ஒரு பெண்ணுக்குப் பிரசவம். பி நெகட்டிவ் வேணும். நோட்டுல குரூப்பு மட்டும்தான் இருக்கு, நம்பரு ஒக்க இதுலல்லா கெடக்கு!"

பார்த்தேன். பட்டியல் முழுசாக இருக்கிறது. நாற்பத்திரண்டு பேரும் பத்திரம். ஆனால் அதைத் திறக்கிற அனுமதி குவைத்தில் இருக்கும் நர்ஸ் ஒருத்தியிடம்தான் இருந்தது. அவளுக்கு விளித்தால் டியூட்டியில் இருக்கிறாள், எடுக்கவில்லை. எனக்கோ ஐந்து நிமிஷத்தில் மீட்டிங். அக்கா அந்தப் பக்கம் "மக்ளே, மக்ளே" என்கிறாள். அக்காவுக்கு மட்டும் கொடுக்க வழி உண்டு, அதைப் பார்க்கப் பொறுமையில்லாமல், அட சவமே என்று எரிச்சலில் ஒரே ஒரு வரி அடித்தேன். அந்தப் பட்டியலை எல்லாரும் பார்க்கலாம் என்கிற வரி. ஏழு வருஷமாக மற்றவர்களுக்கு நான் "அதை மட்டும் செய்யாதே" என்று சொல்லிக்கொடுத்துவந்த வரி.

"இப்போ பாருங்க அக்கா."

"தொறந்துட்டு, தொறந்துட்டு! நீ நல்லா இருப்ப மக்ளே!" என்றாள்.

மீட்டிங் முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்று மனசில் இருந்தது. மீட்டிங் நடுவே காற்று அடித்தது, ரப்பர் கிளை ஒன்று கம்பிமேல் விழுந்தது, கரன்ட் போனது, நெட் போனது. சாயங்காலம் அக்காவிடமிருந்து செய்தி வந்தது: பி நெகட்டிவ் பெண் போய் ரத்தம் கொடுத்துவிட்டாள், தாயும் பிள்ளையும் சுகம். எனக்கு அப்படியே குளிர்ந்துவிட்டது. பெருமையில் மாமியைக் கூப்பிட்டு, "பாத்தியளா, எனக்க வேலைய!" என்று அளந்தேன். அந்த வரியைச் சுத்தமாக மறந்தேன்.

இப்போது குழுவின் செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவர். மெதுவாகப் பேசுவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, மெதுவாக எதையும் செய்யவும் தெரியாது. தங்கமான மனுஷன். அன்றைக்கு அவர் போனில் ஆப்பைத் திறந்தவர், பெண்கள் பட்டியல் தனக்கும் தெரிவதைப் பார்த்திருக்கிறார். செயலாளர் என்பதால் தனக்கு மரியாதையாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார். உட்கார்ந்து நாற்பத்திரண்டு நம்பரையும் ஒவ்வொன்றாகத் தன் போனில் ஏற்றினார். என்ன பொறுமை! எல்லாரையும் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு குரூப் தொடங்கினார். குழுவின் ஆண்களையும் மறக்காமல் சேர்த்தார். மறுநாள் விடிந்ததும் ஒரு ரோஜாப்பூப் படம் போட்டு, "உதிரம் தரும் உத்தம சகோதரிகளுக்கு இனிய காலை வணக்கம்" என்று எழுதினார்.

அக்கா எனக்கு விளித்தபோது குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"மக்ளே, எனக்க லிஸ்ட் வெளிய போயிருக்கு. ஒரு பிள்ளைக்க மாப்பிள்ளை சவுதியில தம்மாம்ல இருந்து விளிச்சுக் கேக்காரு, நீ எந்த ஆம்பிளையளுக்க குரூப்புல இருக்கேண்ணு. எப்பிடிப் போச்சு?"

என் கை தானாகப் போய் அந்த வரியை எடுத்தது. அதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வாய்தான் பொய் சொன்னது.

"எங்க பேக்கப் டூல்ல ஒரு பக் அக்கா."

பொய் என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. டூலில் பக் இருந்தது நிஜம். அந்த நிஜத்துக்குப் பின்னால் போய் நான் ஒளிந்துகொண்டேன், அவ்வளவுதான். "மெஷினுக்க தப்பா? செரி, நான் எல்லாருட்டயும் அப்பிடிச் சொல்லுகேன்" என்று அக்கா போனை வைத்தாள். அக்கா ஏலக்காரரிடமும் பேசியிருக்க வேண்டும். குரூப் கலைந்தது. மனுஷன் எனக்கு விளித்து, "மோளே, நான் அறியாதல்லா செய்துபோட்டேன்" என்று போன் அதிர அழுதார்.

குற்றவுணர்ச்சிக்கு என்னிடம் ஒரே மருந்துதான் உண்டு: பக்கைத் தேடுவது. நாலு நாள் தேடினேன். கண்டுபிடித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். யார் யாருக்கு அனுமதி கொடுத்தார்கள் என்பதை டூல் சரியாகத்தான் நகல் எடுத்திருந்தது. ஆனால் திரும்ப வைக்கும்போது பெற்றவர்களின் பெயரை அகர வரிசையில் எடுத்து வைத்தது. எழுத்துப்படி முதலில் அக்கா. "டீச்சர் அக்காவுக்குக் கொடுக்கிறாள்" என்றது டூல். டேட்டாபேஸ் டீச்சரைப் பார்த்து, "உன்னிடமே இன்னும் ஒன்றும் இல்லையே, நீ எதைக் கொடுக்கப்போகிறாய்?" என்று கேட்டுத் தள்ளிவிட்டது. அடுத்து டீச்சர். நர்ஸிடமும் அப்போது ஒன்றும் இல்லை. தள்ளு. கடைசியாக நர்ஸ், நான் கொடுப்பது என்பதால் அவளுக்கு மட்டும் கிடைத்தது. இரண்டு பேரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, டூல் வாய் கூசாமல் "வெற்றிகரமாக முடிந்தது" என்று சொல்லியிருக்கிறது!

மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் புனேயில் இருப்பவர். நிதானமானவர், அதனாலேயே எனக்கு எரிச்சல் வரும்.

"அனுமதியை நிர்வாகிதான் நேராகக் கொடுப்பார். ஒருத்தர் இன்னொருத்தருக்கு, அவர் இன்னொருத்தருக்கு என்று சங்கிலி போட்டு யார் கொடுக்கிறார்கள்? நூற்றில் ஒருவர்கூடச் செய்யமாட்டார். பிறகு பார்க்கலாம்" என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "சார், எங்க ஊர்ல தெருவுக்கு நாலு பேரு கல்ஃபுல இருக்காங்க. போறவங்க எல்லாரும் அடுத்த ஆள்கிட்ட ஒப்படைச்சிட்டுத்தான் போவாங்க. வாங்கினவங்களும் போவாங்க. இது நூத்துல ஒண்ணு இல்ல, எங்க ஜில்லாவே இப்படித்தான் ஓடுது" என்றேன், அதுவும் ஆங்கிலத்தில். கோபத்தில் என் ஆங்கிலம் நன்றாக இருக்கும். அவர் என் அறிக்கையை மறுபடி திறந்தார். பிறகு, "சரி, செய்" என்றார்.

கொடுப்பவருக்கு முதலில் அனுமதி வந்து சேர்ந்த பிறகே பெறுபவரை எடுக்கும்படி வரிசையை மாற்றினேன். ஒன்று தவறினாலும் வெற்றி என்று பீற்றாமல், எது தவறியது என்று சொல்லும்படியும் செய்தேன். சரிபார்ப்பதற்கு மூன்று பொய்ப் பயனர்களை உண்டாக்கினேன்: குவைத், மஸ்கட், குளச்சல். என் திருத்தத்தைப் பரிசோதித்த நொய்டாக்காரப் பையன், குளச்சல் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டான். வந்து மீன் தின்று பார் என்று எழுதினேன். திருத்தம் ஏறியது. உலகத்தில் இனி யாருக்கும் இது நடக்காது என்ற இறுமாப்பில் பஸ் ஏறி, மார்த்தாண்டத்தில் மாறி, நேராகக் குளச்சலுக்கே போய்விட்டேன்.

அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். நான் மூச்சு விடாமல் எல்லாம் சொன்னேன். வரிசை, சங்கிலி, புனே, எல்லாம். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"செரி. அந்தப் பக்கு இருந்ததுனாலதான எனக்குத் தொறக்கல்ல?"

"ஆமாக்கா."

"எனக்குத் தொறக்காம போனது அது. எல்லாருக்கும் தொறந்து விட்டதும் அதுதானா?"

அவள் ஏழாங்கிளாஸ் படித்தவள். எங்கள் கம்பெனியில் இத்தனை பேர் என் அறிக்கையைப் படித்தார்கள், ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.  எனக்குக் காது மடல் சுட்டது.

"இல்லக்கா. அது நான். அவசரத்துல செஞ்சேன். எடுக்க மறந்துட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்போ நான் பன்னெண்டு வீட்டுல ஏறிக் கள்ளம் சொல்லியிருக்கேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் நான் செத்தேன். அவளிடம் இருந்தது அந்த வாக்கு ஒன்றுதான். நம்பரை வெளியே விட்டு அதை உடைத்தது நான். பிறகு பொய்யை அவள் வாயில் வைத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு அனுப்பியதும் நான்.

அவள் கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். "வா. இனி நீ சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

மூன்று சனிக்கிழமைகள் நடந்தோம். நாற்பத்திரண்டு வீடு. முதல் வீட்டில் வாய் வரவே இல்லை, அக்கா முழங்கையால் இடித்தாள். பத்தாவது வீட்டுக்குள் எனக்குப் பாடமே ஆகிவிட்டது. "மெஷின் தப்பு இல்ல, நான் செஞ்ச தப்பு. எல்லாரும் பாக்கலாம்னு தொறந்து விட்டது நான்தான்." ஒரு வீட்டில் வாசலிலேயே நிறுத்திவைத்து, என் படிப்பு, என் கம்பெனி, என்னைப் பெற்றவர்கள் எல்லாரையும் சேர்த்து வாங்கு வாங்கு என்று வாங்கினார்கள். இன்னொரு வீட்டில் கட்டன்சாயாவும் பழம்பொரியும் வந்தது. ஒரு மீன்காரச் சித்தி, "எனக்கு அந்த ரோசாப்பூ பிடிச்சிருந்து கேட்டியா? கெட்டுனவன்கூட இதுவரைக்கும் எனக்கு ஒரு பூ அனுப்புனதில்ல" என்று சொல்லி, அக்காவையே சிரிக்க வைத்தாள். பதினொரு பேர் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். எதிரிலேயே எடுத்தேன்.

கடைசி வீடு கொஞ்சம் மேட்டில். கதவைத் திறந்தது சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். அன்றைக்கு ஓடிப்போய் ரத்தம் கொடுத்த பி நெகட்டிவ் பெண் இவள்தான். தம்மாமில் இருந்து மாப்பிள்ளை விளித்துக் கேட்டதும் இவளைத்தான். நான் மனப்பாடமாகச் சொல்லி முடித்தேன். அவள் கோபப்படவில்லை.

"போன மாசமே வீட்டுல சிம்மை எடுத்துட்டாவ. இப்போ எனக்கு போன் இல்ல" என்றாள். பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் கொழந்தை நல்லா இருக்கா அக்கா?"

"நல்லா இருக்கு மக்ளே" என்றாள் அக்கா.

"அப்போ இனி ஆவசியம் வந்தா என்னய எப்பிடி விளிப்பிய?"

 எந்த டூலையும் திருத்தி அந்தப் பிள்ளையின் போனை நான் வாங்கிக்கொடுத்துவிட முடியாது. அக்காதான் பேசினாள்.

"நான் நடந்து வருவேன். துணி அளவெடுக்க வந்தேண்ணு சொல்லுவேன். நீ இறங்கி வந்தா போதும்."

அந்தப் பிள்ளை தலையாட்டினாள். படியிறங்கி வந்து மதில் ஓரத்தில் நின்று நான் ஆப்பைத் திறந்தேன். அவள் பெயருக்கு எதிரே இருந்த பழைய நம்பரை அழித்தேன். அந்த இடத்தில் எழுத்து அடித்தால் ஆப் ஏற்கவில்லை, நம்பர் மட்டும்தான் ஏற்பேன் என்றது. அப்படிக் கட்டியவளும் நான்தான். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல்கூட, முதலில் அதை மாற்றினேன். இப்போது பட்டியலில் நாற்பத்திரண்டில் முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். முப்பது பேருக்கு நேரே போன் நம்பர். ஒருத்திக்கு நேரே, அக்கா மட்டும் பார்க்கும் இடத்தில், இப்படி இருக்கிறது: நடந்து போய் விளிக்க வேண்டும்.